நைட்ரேட் 40, பாஸ்பேட் 0.35: பவளத் தொட்டியில் எப்படி இறக்குவது, எங்கே நிறுத்துவது?

முத்தியால்பேட்டை_300லி
எல்லாருக்கும் வணக்கம். 4 அடி தொட்டி, கீழே சம்ப் (வடிகட்டற துணைத் தொட்டி). கல், மணல் போக தண்ணி மட்டும் 300 லிட்டர். எல்லாம் மென்பவளம்தான்: ஸோவாந்திட், மஷ்ரூம், லெதர், சீனியா. மீன்கள் ரெண்டு கிளவுன், ஒரு யெல்லோ டேங், ஒரு கோபி.

நைட்ரேட் 40 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 40 மில்லிகிராம் (சாலிஃபர்ட் கிட்), பாஸ்பேட் 0.35 பிபிஎம் (ஹன்னா செக்கர்). ரெண்டும் மாசக்கணக்கில் இதே இடத்தில் நிக்குது. உப்பு 35, டிகேஎச் (காரத்தன்மை) 8.5, வெப்பம் 27. ஸோவாந்திட் நிறம் மங்கி பழுப்பாகுது, கண்ணாடியில் ரெண்டு நாளைக்கு ஒருமுறை பச்சை படியுது. ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்கிற கருவி) ஓடுது. வாரம் 25 லிட்டர் மாத்தறேன். தண்ணி வீட்டு குடிநீர் ஆர்ஓ மெஷின்ல பிடிக்கிறது. சாப்பாடு தினம் ரெண்டு வேளை: பெல்லட், கூடவே சூப்பர் மார்க்கெட் ஃப்ரோசன் இறால்.

ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டைப் பிடிக்கிற இரும்பு ஆக்சைடு மணிகள்) வாங்கி முழு அளவு போட்டுடலாமா? பாஸ்பேட்டை ஜீரோ பக்கம் கொண்டுவரணும்.

லாஸ்பேட்டை_கெமி
ஜீரோ வேண்டாம். மென்பவளத்துக்கு நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.05 முதல் 0.1 போதும். சீனியாவும் லெதரும் தண்ணியில் கொஞ்சம் சத்து இருந்தால்தான் விரியும். முழு அளவு ஜிஎஃப்ஓ போட்டால் ரெண்டு நாளில் 0.35 சரிந்து 0.05க்கு வந்துடும். அதுவரை 0.35க்குப் பழகின பவளம் அந்த வேகத்தைத் தாங்காது. லெதர் சுருங்கி மாசக்கணக்கில் விரியாமல் நிக்கிறதுக்கு இதுதான் வழக்கமான காரணம்.

மருந்தைப் பேசறதுக்கு முன்னாடி எண்கள் சரியான்னு பாருங்க.

சாலிஃபர்ட் நைட்ரேட்டில் மேலிருந்து பார்த்துப் படிச்சால் அட்டையில் இருக்கிற எண் அப்படியே. பக்கவாட்டில் பார்த்துப் படிச்சால் அதைப் பத்தால் வகுக்கணும். 40ஆ, 4ஆ என்கிற குழப்பம் இங்கேதான் வருது. உறுதி பண்ண, தொட்டித் தண்ணி 1 பங்கு, டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்புகளின் அளவு) ஜீரோ தண்ணி 3 பங்கு கலந்து திரும்பச் சோதிங்க. 10 காட்டினால் உங்க 40 நிஜம்.

ஹன்னாவில் பாஸ்பேட் காட்டுற மாடல் வேற, பாஸ்பரஸ் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) காட்டுற மாடல் வேற. பிபிபியில் வந்தால் 3.066ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கணும். 100 பிபிபி என்றால் பாஸ்பேட் 0.307. குப்பியை உள்ளேயும் வெளியேயும் துடைங்க. ஒரு விரல் ரேகை, பொடி கலக்கும்போது ஒட்டின ஒரு காற்றுக்குமிழி போதும், அளவு தப்பா வர. ஜீரோ பண்ணின குப்பியிலேயே பொடி போட்டு அளங்க. ரெண்டு குப்பி வெச்சு மாத்தி மாத்தி அளக்காதீங்க.

அடுத்தது உங்க ஆர்ஓ. வீட்டு குடிநீர் மெஷின் தண்ணியைத் தொட்டிக்கு அப்படியே எடுக்கக் கூடாது. குடிக்க ருசியா இருக்கணும்னு அதில் டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு திருகு வெச்சிருப்பாங்க. அது மெம்பரேனைத் தாண்டாத பச்சைத் தண்ணியில் கொஞ்சத்தை எடுத்துக் கலக்கும். நம்ம புதுச்சேரியில் கடலோரத் தெருக்களில் போர் தண்ணி டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டுறது சாதாரணம். அதில் பத்தில் ஒரு பங்கு கலந்தாலே உங்க சுத்தத் தண்ணியில் 100 ஏறிடும். அந்த 100க்குள்ளே நைட்ரேட், சிலிக்கேட் எல்லாம் அடக்கம். டிடிஎஸ் மீட்டர் வெச்சு அளந்து போடுங்க.

உப்பனாறு
இறால் விஷயத்தை யாரும் தொடலையே. பாக்கெட்டில் வர்ற, உரிச்சு வெச்ச ஃப்ரோசன் இறால் பெரும்பாலும் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் கரைசலில் ஊறினது. தண்ணியைப் பிடிச்சு எடை குறையாம இருக்கத்தான் அதைச் சேர்க்கிறாங்க. சமைக்கும்போது தண்ணி விட்டுச் சுருங்குதே, அந்த இறால்தான். மீனுக்குப் போட்டால் அந்த பாஸ்பேட் எல்லாம் நேரா தொட்டிக்கு. பாக்கெட்டுக்குப் பின்னாடி ஸ்டெபிலைசர் 451ன்னு இருந்தால் அதுவேதான்.

பெரிய மார்க்கெட்லயோ கடலூர் துறைமுகத்திலயோ மீன்காரம்மாகிட்ட அன்னைக்கு வந்த வெள்ளை இறாலாப் பார்த்து கால் கிலோ வாங்குங்க. ஐஸ்ல ரொம்ப நேரம் கிடந்து தலை கறுத்தது வேண்டாம். தலை, ஓடு, முதுகுக் குடல் எடுத்துட்டு ஆர்ஓ தண்ணியில் ஒரு அலசு. உளுந்து அளவுக்கு நறுக்கி, ஜிப் கவர்ல தட்டையா, கவர் வெளியே தெரியிற மாதிரி மெல்லிசா பரப்பி உறைய வைங்க. வேளைக்கு ஒரு நகக்கண் அளவு உடைச்சால் போதும், உங்க நாலு மீனுக்கும்.

கடையில் விக்கிற காய்ஞ்ச சென்னாக்குன்னியைப் போடறவங்க இருக்காங்க. அது உப்பும் தூசியும் சேர்ந்தது. பாதி தூளாகி மீன் வாய்க்குப் போகாமலே கல் இடுக்கில் தங்கும். வேண்டாம்.

கோரிமேடு_ரீஃப்
ஃப்ரோசன் கட்டியை உருக வெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டால் பாஸ்பேட் பிரச்சினை தீரும்னு எல்லா குரூப்லயும் சொல்றாங்க. கொட்டறது நல்லதுதான், ஆனா அதில் போறது கொஞ்சம். சாப்பாட்டில் இருக்கிற பாஸ்பரஸில் பெரும்பங்கு சதைக்குள்ளே இருக்கு. மீன் தின்னு வெளியே தள்ளும்போதுதான் அது தண்ணிக்கு வரும். அளவைக் குறைச்சால்தான் குறையும்.

லாஸ்பேட்டை_கெமி
கோரிமேடு சொன்னது சரி. ஊறின இறாலுக்கு மட்டும் அந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், அதில் சேர்த்த பாஸ்பேட் நிறைய உருகின தண்ணியோடவே வரும்.

முத்தியால்பேட்டை தம்பிக்கு ஒரு கணக்கு. 300ல் 25 லிட்டர் என்றால் 8.3 சதவீதம். நைட்ரேட் 40ல் நிக்கும்போது ஒரு மாத்தலுக்குக் குறையிறது 3.3. அடுத்த வாரம் திரும்ப 40 காட்டுதுன்னா, வாரத்துக்கு 3.3 பிபிஎம் புதுசா உள்ளே வருதுன்னு அர்த்தம். உங்க தொட்டி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஏன்னா வரவும் செலவும் 40ல் சமமாயிடுச்சு. வரவைப் பாதியாக்கினால், இதே 25 லிட்டர் மாத்திக்கிட்டே இருந்தால் போதும், கொஞ்சம் கொஞ்சமா 20ல் வந்து நிக்கும். வரவைத் தொடாமல் ஒரே நாளில் 150 லிட்டர் மாத்தினாலும் 20 வரும், ஆனா சில மாசத்தில் திரும்ப 40தான். உப்புக் காசு வீண்.

அதனால முதல்ல தண்ணி, சாப்பாடு. ரெண்டையும் சரி பண்ணிட்டு 4 வாரம் வேற எதுவும் சேர்க்காமல் வாரம் ரெண்டு தடவை, ஒரே நேரத்தில் அளங்க.

கோரிமேடு_ரீஃப்
அதுக்கப்புறமும் நைட்ரேட் 20க்கு மேலேயே நின்னால் நான் சொல்றது ரெஃப்யூஜியம். சம்ப்பில் ஒரு அறை ஒதுக்கி கீட்டோமார்ஃபா பாசி, மேலே சிவப்பு-நீல எல்இடி குரோ லைட். மெயின் லைட் அணைஞ்ச நேரத்தில் 10 முதல் 12 மணி நேரம் எரியட்டும். ராத்திரி பிஎச் விழறதையும் அது தாங்கும். பாசிப் பந்து மெல்லப் புரள்ற அளவுக்குத் தண்ணி ஓட்டம் இருக்கணும். அசையாமல் கிடந்தால் அடிப்பக்கம் வெளிச்சம் இல்லாமல் அழுகி, உறிஞ்சினதை எல்லாம் திரும்பத் தண்ணிக்கே விடும்.

பந்து இரட்டிப்பானதும் மூணில் ஒரு பங்கைப் பிச்சு வெளியே எடுக்கணும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியை விட்டுப் போறது அந்தப் பிடி பாசியில்தான். அறுவடை பண்ணாமல் வளர்த்து அழகு பார்த்தால் பிரயோஜனம் இல்லை. நைட்ரேட் இருந்தும் வெளிறிப்போனால் பெரும்பாலும் இரும்புச்சத்து குறைவு.

லாஸ்பேட்டை_கெமி
ரெஃப்யூஜியம் நல்லது, ஆனா இடமும் மின்சாரமும் வேணும். மே மாசத்தில் மூடின கேபினெட்டுக்குள்ளே இன்னொரு லைட் என்றால் சில்லருக்குக் கூடுதல் சுமை. நைட்ரேட்டை மட்டும் இறக்கணும்னா வினிகர் எளிது.

நிறமில்லாத வெள்ளை வினிகர் மட்டும். பழுப்பு நிறத்தது கேரமல் சேர்ந்தது, பழ வினிகரும் வேண்டாம். லேபிளில் அசிட்டிக் அமிலம் 4 முதல் 5 சதவீதம்னு இருக்கும். 300 லிட்டருக்கு ஒரு நாளைக்கு 3 மில்லியில் ஆரம்பிங்க. வாரம் ஒருமுறை 3 மில்லி கூட்டுங்க. நைட்ரேட் இறங்க ஆரம்பிச்ச அன்னைக்குக் கூட்டறதை நிறுத்தி அதே அளவில் நில்லுங்க. 10க்கு வந்ததும் மூணில் ஒரு பங்கு குறைங்க. காலையில் லைட் எரியும்போது, ஓட்டம் உள்ள இடத்தில், சொட்டு சொட்டா. டோசிங் பம்ப் இருந்தால் பகல் முழுக்கப் பிரிச்சுக் கொடுக்கலாம்.

புதுச்சேரியில் வோட்கா எளிதாகக் கிடைக்கிறதால் பலர் அதை விடறாங்க. வேலை ஒண்ணுதான், ஆனா 40 சதவீத வோட்கா 1 மில்லி இந்த வினிகர் 8 மில்லிக்குச் சமம். அளவு கொஞ்சம் பிசகினாலும் பெரிய பிசகு. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு வினிகர்தான் பத்திரம்.

இதில் நடக்கிறது என்னன்னா, பாக்டீரியா வினிகரில் இருக்கிற கார்பனைத் தின்னு பெருகும்போது நைட்ரேட்டையும் கொஞ்சம் பாஸ்பேட்டையும் உடம்பில் சேர்த்துக்கும். அந்த பாக்டீரியாவை ஸ்கிம்மர் வெளியே எடுக்கணும். ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் வினிகர் விடவே கூடாது. பெருகும்போது ஆக்சிஜனையும் எடுக்கும். தண்ணி பால் மாதிரி கலங்கினால் உடனே நிறுத்தி, ஏர் ஸ்டோன் போட்டு, தெளிஞ்ச பிறகு பாதி அளவில் தொடங்கணும். குழாய் உள்ளே, கண்ணாடி ஓரத்தில் வெள்ளை நூல் நூலா தொங்கினால் அளவு கூடிப்போச்சு.

பாஸ்பேட் இதில் அவ்வளவா இறங்காது. பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் பல மடங்கு அதிகம் வேணும், பாஸ்பரஸ் கொஞ்சம்தான். நைட்ரேட் தீர்ந்து போச்சுன்னா பாஸ்பேட் அப்படியே மாட்டிக்கிட்டு நிக்கும். அதுக்குத்தான் ஜிஎஃப்ஓ. பொட்டலத்தில் போட்ட அளவில் கால் பங்கு போதும். ஆர்ஓ தண்ணியில் பழுப்புத் தூள் போற வரை அலசி, ரியாக்டரில் (மீடியா வழியா தண்ணி ஓட்டுற குழல்) மேல் மட்டம் லேசா அசையற ஓட்டத்தில் விடுங்க. உருட்டி அரைச்சால் தூள் தொட்டிக்கு வரும். ரியாக்டர் வெளிவாய்த் தண்ணியைத் தனியா அளங்க. அங்கேயும் தொட்டியில் இருக்கிற அதே அளவு வந்தால் ஜிஎஃப்ஓ தீர்ந்துட்டதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. மாசக்கணக்கில் 0.35ல் ஊறின கல்லும் மணலும் பாஸ்பேட்டைப் பிடிச்சு வெச்சிருக்கும். தண்ணியில் குறைஞ்சதும் கல் கொஞ்சம் கொஞ்சமா விடும். இன்னைக்கு 0.15, மூணாம் நாள் திரும்ப 0.25ன்னு வந்தால் பயந்து அளவைக் கூட்டாதீங்க. கல் காலியாகிற வரை அப்படித்தான் இருக்கும்.

முத்தியால்பேட்டை_300லி
நன்றிண்ணே. லாந்தனம் குளோரைடு வேகமா இறக்கும்னு ஒருத்தர் சொன்னார்?

லாஸ்பேட்டை_கெமி
இறக்கும். லாந்தனம் பாஸ்பேட் மாவா படியும், அது மீன் செவுளில் சிக்கும். டேங் வகை மீனுக்கு அது ஆகாது. உங்க தொட்டியில் யெல்லோ டேங் இருக்கு. விட்டுடுங்க.

உப்பனாறு
மழைக்காலம் வருது, அதனால வினிகர் விடறவங்களுக்கும் ரியாக்டர் வெச்சவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். 2011 டிசம்பர் 30 'தானே' புயல், 2024 நவம்பர் 30 'ஃபெஞ்சல்' புயல், ரெண்டும் நம்ம கரையில்தான் ஏறுச்சு. புயல்னா கரண்ட் மணிக்கணக்கில் போகாது, நாள்கணக்கில் போகும்.

எச்சரிக்கை வந்த அன்னைக்கே வினிகரை நிறுத்துங்க. ஓட்டம் நின்ன தொட்டியில் பெருகின பாக்டீரியாவும் மீனும் ஒரே ஆக்சிஜனுக்கு அடிச்சுக்கும். சாப்பாட்டையும் நிறுத்துங்க, நல்லா இருக்கிற மீன் ரெண்டு மூணு நாள் பட்டினியில் சாகாது. பேட்டரி ஏர் பம்ப், மாத்து பேட்டரி ரெண்டு செட் கைவசம் இருக்கணும். இன்வெர்ட்டர் இருந்தால் லைட், சில்லர் எதுவும் வேண்டாம், சின்ன வேவ் பம்ப் ஒண்ணு மட்டும் அதில் ஓடட்டும்.

கரண்ட் வந்ததும் ஜிஎஃப்ஓ ரியாக்டரை அப்படியே ஸ்விட்ச் போடாதீங்க. பல மணி நேரம் அசையாமல் நின்ன தண்ணியில் ஆக்சிஜன் தீர்ந்து அழுகின முட்டை வாடை இருக்கும். அதை வாளியில் கொட்டிட்டு, மீடியாவை அலசிட்டுத்தான் ஓட்டணும். கேனிஸ்டர் ஃபில்டருக்கும் இதேதான்.

கடலூர்_ஓடி
அண்ணே, எனக்கு நேர் எதிர்ப்பிரச்சினை. 120 லிட்டர், மென்பவளம். ஜிஎஃப்ஓ, வினிகர் ரெண்டும் ஓடுது, நைட்ரேட் 0, பாஸ்பேட் 0.00. மணல்லயும் கல்லுலயும் பழுப்பா சளி மாதிரி படியுது, அதில் குமிழி குமிழியா நிக்குது. காலையில் குறைஞ்சிருக்கு, சாயங்காலம் நிறைஞ்சுடுது. ஸோவாந்திட் மூடியே கிடக்கு, நத்தைகள் ஒண்ணொண்ணா செத்துப்போகுது. தண்ணி மாத்த மாத்த கூடுது. சில்வர் பீச்ல கடல் தண்ணி பிடிச்சு மாத்தினால் சரியாகுமா?

லாஸ்பேட்டை_கெமி
டைனோஃப்ளாஜெல்லேட் (சுருக்கமா டைனோ, ஒருசெல் நுண்ணுயிர்) மாதிரி இருக்கு. உறுதி பண்ண, சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணியோட பாட்டிலில் போட்டு நல்லாக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிஞ்ச தண்ணியை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வைங்க. தெளிஞ்ச தண்ணியில் திரும்ப நூலா, கட்டியா சேர்ந்தால் டைனோதான். முடிஞ்சால் 400 மடங்கு மைக்ராஸ்கோப்பில் பாருங்க. ஒரு நுனி கூரான சொட்டு வடிவம், ஒரே புள்ளியில் கட்டிப்போட்ட மாதிரி சுத்துனா ஆஸ்ட்ரியாப்சிஸ். முட்டை வடிவில் மணலோட ஊர்ந்தால் ஆம்ஃபிடினியம். எதுன்னு தெரியிறது முக்கியம், ஏன்னா ஆஸ்ட்ரியாப்சிஸ் ராத்திரி மணலை விட்டுத் தண்ணியில் மிதக்கும், யுவி ஸ்டெரிலைசர் அதைப் பிடிக்கும். ஆம்ஃபிடினியம் மணலைவிட்டு அதிகம் வெளியே வராது, யுவிக்குக் காசு போட்டுப் பலன் குறைவு.

நத்தை சாகுறதால விஷமுள்ள வகையா இருக்கலாம். வெறுங்கையால் தேய்க்காதீங்க, கையுறை கட்டாயம். ஸோவாந்திட்டிலும் பாலிடாக்சின்னு ஒரு விஷம் உண்டு, அது ஒட்டின கல்லை வெந்நீரில் போடறது, கொதிக்க வைக்கிறது ரெண்டும் உயிருக்கே ஆபத்து. ஆவியே போதும்.

ஜிஎஃப்ஓவை இன்னைக்கே எடுங்க. வினிகரைப் படிப்படியா இல்லை, இன்னைக்கே நிறுத்துங்க. தண்ணி மாத்தறதையும் நிறுத்துங்க. இந்த டைனோ இடம் பிடிச்சதே மத்த பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒதுங்கினதால்தான். சத்தைத் திரும்ப ஏத்தணும்.

நைட்ரேட்டுக்கு: லேப் கெமிக்கல் கடையில் கிடைக்கிற சோடியம் நைட்ரேட் 13.7 கிராம், டிஐ (அயனி நீக்கின) தண்ணியில் கரைச்சு மொத்தம் 100 மில்லி ஆக்குங்க. இதில் 1 மில்லி, 100 லிட்டரில் நைட்ரேட்டை 1 பிபிஎம் ஏத்தும். உங்க 120க்கு தினம் 2.4 மில்லி விட்டால் 2 பிபிஎம். 5 முதல் 10க்குள் நிக்கணும்.

பாஸ்பேட்டுக்கு: ட்ரைசோடியம் பாஸ்பேட், 12 நீர் மூலக்கூறு உள்ளது, 4 கிராம் 1 லிட்டரில். இதில் 1 மில்லி, 100 லிட்டரில் 0.01 ஏத்தும். உங்களுக்கு 3.6 மில்லி விட்டால் 0.03. தரை கழுவ விக்கிற மட்டமான சரக்கு வேண்டாம், லேப் தரம் வாங்குங்க. முதல் சில நாள் காலையில் விட்டது சாயங்காலமே 0.00 காட்டும். உங்க காலிக் கல் உறிஞ்சுது. விட்டுக்கிட்டே அளங்க, 0.05க்குக் கீழே போகாமல் நிக்கிற வரைக்கும்.

சளியை மெல்லிசான ஏர் ட்யூபால் உறிஞ்சி, 5 மைக்ரான் சாக்ஸில் வடிகட்டி அதே தண்ணியைத் திரும்ப விடுங்க.

உப்பனாறு
சில்வர் பீச் தண்ணி இப்போ வேண்டாம் தம்பி. தேவனாம்பட்டினம் கரைக்குப் பக்கத்திலேயே கெடிலம் கடலில் சேருது, வடக்கே தாழங்குடா பக்கம் தென்பெண்ணை, தெற்கே துறைமுக வாய்ல உப்பனாறு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை ஆத்துத் தண்ணி கரையோரமா பரவி உப்பு இறங்கிடும், வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து வரும். எடுக்கணும்னா மார்ச்ல இருந்து ஜூனுக்குள்ள, போட்ல போறவங்ககிட்ட கேன் கொடுத்து, கரையில் தண்ணி நிறம் மாறுற கோட்டைத் தாண்டி எடுக்கச் சொல்லுங்க. போட் இன்ஜின் ஓடுற பக்கம் முக்கக் கூடாது, டீசல் வரும். வந்ததும் 5 மைக்ரான்ல வடிகட்டி, மூடின டிரம்மில் ஒரு வாரம் பம்ப் ஓட்டி, உப்பு, நைட்ரேட், பாஸ்பேட் மூணையும் அளந்துட்டுத்தான் தொட்டிக்கு.

அங்கே கரை ஒதுங்கின பவளக்கல்லையும் எடுக்காதீங்க. கல் பவளம் எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு, 2001ல சேர்த்தது. செத்த கல்லுக்கும் அதே சட்டம்தான். மன்னார் வளைகுடா லைவ் ராக்னு யாராவது கொண்டுவந்தால் வாங்காதீங்க. செராமிக் கல் போதும், பாஸ்பேட் இல்லாமல் புதுசா வர்றதும் அதுதான்.

கடலூர்_ஓடி
ஜிஎஃப்ஓ எடுத்தாச்சுண்ணே. கெமிக்கல் நாளைக்கு வாங்கறேன். லைட்டை மூணு நாள் மொத்தமா அணைக்கலாமா?

கோரிமேடு_ரீஃப்
ஆஸ்ட்ரியாப்சிஸ்னு உறுதியானால், யுவி கைக்கு வந்த பிறகு அணைங்க. யுவி இல்லாமல் இருட்டு மட்டும் போட்டால் லைட் வந்த ரெண்டாம் நாள் திரும்ப வந்துடும், பவளம் இளைச்சதுதான் மிச்சம். இருட்டில் ஏர் ஸ்டோன் ஓடணும்.

முத்தியால்பேட்டை_300லி
டிடிஎஸ் மீட்டர் வந்துடுச்சு. பச்சைத் தண்ணி 1180. மெஷின் குழாயில் 142. கன்ட்ரோலர் திருகை முழுசா மூடின பிறகும் 95 காட்டுது. மெம்பரேன் போச்சா?

லாஸ்பேட்டை_கெமி
உடனே மாத்தாதீங்க. மெம்பரேனுக்கு அப்புறம் மினரல் கார்ட்ரிட்ஜ்னு ஒரு குழல் இருக்கும், கால்சியம், மக்னீசியம் சேர்க்கிறது. டேங்கில் விழறதுக்கு முன்னாடி, மெம்பரேன் வெளிவாய்க்கும் அந்தக் குழலுக்கும் நடுவில் ஒரு டி கனெக்டர் போட்டு கால் இஞ்ச் ட்யூப் தனியா எடுங்க. மெஷின் ஓட ஆரம்பிச்ச முதல் 5 நிமிஷத் தண்ணியைக் கீழே விடுங்க. நின்னிருந்த நேரத்தில் மெம்பரேனைத் தாண்டி உப்பு கசிஞ்சிருக்கும், அப்போ அளந்தால் கூடத்தான் காட்டும். அதுக்கப்புறம் 40 முதல் 60க்குள் வந்தால் உங்க 1180க்கு மெம்பரேன் சரியாத்தான் வேலை செய்யுது.

அந்த ட்யூபில் நிறம் மாறுற டிஐ ரெசின் குழல் ஒண்ணு, நிமிர்த்தி வெச்சு, தண்ணி கீழிருந்து மேலே போற மாதிரி. படுக்க வெச்சால் தண்ணி ஒரு ஓரமா வழி பண்ணிக்கிட்டு ரெசினைத் தொடாமலே போயிடும். வெளியே 0 வரணும். 1 காட்ட ஆரம்பிச்சதும் மாத்துங்க, 5 வரை ஓட்டிப் பார்க்கலாம்னு விடாதீங்க. தீர்ந்துபோற ரெசின் முதல்ல விடுறது சிலிக்கேட். கண்ணாடியில் பழுப்புப் படலம் வந்தால் முதல்ல இந்தக் குழலைப் பாருங்க.